ரேஸ் காரின் லைபோ பேட்டரி: சார்ஜ் போடுவது முதல் தூக்கிப்போடுவது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிமோட் கார் ரேஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் மோட்டாரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பேட்டரியைப் பற்றிப் பத்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். நான் பார்த்தவரை லைபோ பேட்டரி டிராக்கில் ஓடி ஓடிக் கெட்டது குறைவு. சார்ஜ் மேசையிலும் அலமாரியிலும் கிடந்து கெட்டதுதான் அதிகம். அதனால் பதில்களும் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தையே சுற்றி வரும்.

லைபோ என்றால் என்ன? பழைய நிக்கல் பேட்டரி மாதிரியே வைத்துக்கொள்ளக் கூடாதா?

கூடாது. லைபோ என்பது லித்தியம் பாலிமர் என்பதன் சுருக்கம். போனில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியின் உறவுக்காரன்தான். உலோக உருளைக்குப் பதிலாக மெல்லிய அலுமினியப் பையில் அடைத்திருப்பார்கள். எடை குறைவு, கேட்ட கரன்ட்டை அள்ளிக் கொடுக்கும், அதனால்தான் ரேஸில் நிக்கல் பேட்டரிகளை ஓரம்கட்டிவிட்டது. நிக்கல் பேட்டரி கொஞ்சம் அதிகமாக சார்ஜ் ஏறினால் சூடாகி அதைச் சகித்துக்கொள்ளும். லைபோவுக்கு அந்தச் சகிப்பு கிடையாது. உங்கள் போனுக்குள் பேட்டரியைக் காவல் காக்க ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. ரேஸ் பேக்கில், அதாவது செல்களைச் சேர்த்துக் கட்டிய ரேஸ் பேட்டரியில், பெரும்பாலும் அப்படி ஒன்று இல்லை. காவல் வேலை முழுக்க உங்களுடையதும் உங்கள் சார்ஜருடையதும்தான்.

பேக்கின் மேல் 2எஸ், 5000, 60சி என்றெல்லாம் எழுதியிருக்கிறதே?

2எஸ் என்றால் இரண்டு செல் வரிசையாக, அதாவது சீரிஸில் இணைத்தது. ஒரு செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.7, ஆகவே 2எஸ் பேக் 7.4 வோல்ட். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரேஸ் கார்களில் பெரும்பாலும் 2எஸ் ஓடும், எட்டில் ஒரு பங்கு எலக்ட்ரிக் பக்கி வகைக் கார்களில் 4எஸ், பன்னிரண்டில் ஒரு பங்கு சின்ன கார்களில் 1எஸ்.

5000 என்பது மில்லி ஆம்ப்-அவர். 5 ஆம்ப் வீதம் எடுத்தால் ஒரு மணி நேரம் தாங்கும் என்று கணக்கு. சி என்பது அந்தக் கொள்ளளவின் மடங்கு. 5000 பேக்கில் 1சி என்றால் 5 ஆம்ப், 60சி என்றால் 300 ஆம்ப். அந்த 300 ஆம்பை நிஜமாகவே தொடர்ந்து எடுத்தால் பேக் ஒரே நிமிடத்தில் காலி, அதற்குள் வயரும் பிளக்கும் உருக ஆரம்பித்திருக்கும். அதனால் ஸ்டிக்கரில் இருக்கும் சி எண்ணை நான் விளம்பரமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே கம்பெனியின் இரண்டு பேக்குகளை ஒப்பிட அது கொஞ்சம் உதவும், வேறு வேறு கம்பெனி என்றால் அதுவும் இல்லை. பேக்கின் உண்மையான தரம் உள் மின்தடையில், அதாவது பேக்குக்குள்ளேயே கரன்ட்டுக்கு இருக்கும் தடையில், தெரியும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய எண்கள் எவை?

எல்லாமே ஒரு செல்லுக்கு. முழு சார்ஜ் 4.20 வோல்ட், அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். ஓட்டாமல் வைக்கும்போது 3.80-இலிருந்து 3.85 வரை. ஓட்டி முடித்து சிறிது நேரம் ஓய்வில் இருந்த பிறகு 3.6 அல்லது 3.7-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. 3.0 என்பது எந்த நிலையிலும் தாண்டக் கூடாத தரை. 2எஸ் பேக் என்றால் இவற்றை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்: நிறைந்தால் 8.40, வைக்கும்போது சுமார் 7.6 முதல் 7.7, தரை 6.0.

பேக்கின் மொத்த வோல்டேஜை மட்டும் பார்த்துவிட்டு சரி என்று போய்விடாதீர்கள். 7.4 என்று காட்டும் பேக்கில் ஒரு செல் 3.9-ஆகவும் இன்னொன்று 3.5-ஆகவும் இருக்கலாம். தனித்தனியாகச் செல் வோல்டேஜ் காட்டும் சின்னக் கருவி ஒன்று விற்கிறது, ஒவ்வொரு செல்லையும் தனியாகத் தொட வழிவிடும் பேலன்ஸ் பிளக்கில் செருகினால் போதும். ரேஸ் பெட்டியில் நான் கட்டாயம் என்று சொல்லும் பொருட்களில் ஸ்க்ரூ டிரைவருக்கு அடுத்தது அதுதான்.

சார்ஜரில் நிறைய மோடு இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

லைபோ, அதிலும் பேலன்ஸ் சார்ஜ், அதாவது செல்களைத் தனித்தனியாகக் கவனித்து எல்லாவற்றையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவரும் மோடு. இதில் தப்பு செய்தால் மற்ற எல்லாக் கவனமும் வீண். நிக்கல் பேட்டரிக்கான மோடு வேறு மாதிரி வேலை செய்யும்: பேட்டரி நிறையும்போது வோல்டேஜ் லேசாகச் சரியும், அந்தச் சரிவைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்தும். லைபோவில் அப்படிச் சரிவே வராது. ஆக சார்ஜர் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே போகும், 4.2 தாண்டி, 4.5 தாண்டி, உள்ளே இருக்கும் வேதிப்பொருட்கள் சிதைந்து சூடும் வாயுவும் கிளம்பும் வரை. லைபோ தீப்பிடித்த கதைகளில் இந்த மோடு தவறு அடிக்கடி வரும்.

லைபோ மோடில் நடப்பது இது. முதல் கட்டத்தில் நீங்கள் சொன்ன ஆம்ப் அளவு மாறாமல் போகும், வோல்டேஜ் மெல்ல ஏறும். செல் 4.20-ஐத் தொட்டதும் சார்ஜர் வோல்டேஜை அங்கேயே பிடித்து நிறுத்தி, கரன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். கரன்ட் மிகவும் சிறுத்த பிறகு முடிந்தது என்று பீப் அடிக்கும். கடைசி நேரத்தில் சார்ஜ் நகராதது போலத் தெரிவது இதனால்தான். அவசரமென்றால் அந்த நேரத்தில் பிடுங்கி ஓட்டலாம், ஒன்றும் ஆகாது, கொஞ்சம் குறைவாக இருக்கும் அவ்வளவே.

பட்டனை அழுத்துவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: பேட்டரி வகை, செல் எண்ணிக்கை, ஆம்ப். பல சார்ஜர்கள் போன தடவை போட்ட செட்டிங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். போன தடவை 4எஸ் பேக் போட்டது நண்பர் என்றால் இந்தத் தடவை மாட்டிக்கொள்வது நீங்கள். பேலன்ஸ் வயரைச் செருகியிருந்தால் நல்ல சார்ஜர் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று மறுத்துவிடும்.

எத்தனை ஆம்பில் போடுவது?

1சி. 5000 பேக் என்றால் 5 ஆம்ப், 3200 என்றால் 3.2 ஆம்ப். ஏறக்குறைய காலியான பேக் நிறைய ஒரு மணி நேரமும் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகும். சில பேக்குகளில் 2சி, 5சி வரை போடலாம் என்று எழுதியிருப்பார்கள், போடலாம்தான், ஆனால் எவ்வளவு வேகமாக ஏற்றுகிறோமோ அவ்வளவு சூடு, அவ்வளவு தேய்மானம். இரண்டு ரேஸ் சுற்றுக்கு நடுவில் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 2சி போடுவேன். வீட்டில் உட்கார்ந்து போடும்போது 1சி-க்கு மேல் போட எனக்கு எந்தக் காரணமும் கிடைத்ததில்லை.

5 ஆம்ப் செட் செய்தும் சார்ஜர் 3 ஆம்புக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. பழுதா?

பழுதில்லை, வாட் போதவில்லை. வோல்ட்டை ஆம்பால் பெருக்கினால் வாட். 2எஸ் பேக் நிறையும் கட்டத்தில் 8.4 பெருக்கல் 5, 42 வாட் வேண்டும். 50 வாட் சார்ஜர் அதைச் சமாளிக்கும். 4எஸ் என்றால் 16.8 பெருக்கல் 5, 84 வாட். அதே 50 வாட் சார்ஜர் 3 ஆம்போடு நின்றுவிடும். சார்ஜர் வாங்கும்போது ஆம்ப் எண்ணைப் பார்த்து மயங்காமல் வாட்டைப் பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் பேலன்ஸ் செய்ய வேண்டுமா?

சிலர் ஐந்து தடவைக்கு ஒரு முறை போதும் என்பார்கள். நான் ஒவ்வொரு தடவையும் செய்கிறேன். சீரிஸில் இருக்கும் செல்கள் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி, ஒன்று சோர்ந்தால் வண்டியே சாயும். பேலன்ஸ் இல்லாமல் சார்ஜர் மொத்தம் 8.40 வந்ததா என்று மட்டும் பார்க்கும். ஒரு செல் 4.30, இன்னொன்று 4.10 என்றாலும் கூட்டினால் அதே 8.40 தான். ஒன்று அளவுக்கு மீறி நிறைந்துவிட்டது, உங்களுக்குத் தெரியவே தெரியாது. நல்ல பேக் என்றால் பேலன்ஸுக்குக் கூடுதலாக ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். ரொம்ப நேரம் எடுக்கிறதென்றால் அதுவே பேக்கைப் பற்றிய செய்தி: செல்கள் பிரிய ஆரம்பித்துவிட்டன.

ஹார்ட்கேஸ் (கெட்டி பிளாஸ்டிக் ஓடு போட்ட) பேக்கில் வெறும் ஓட்டைகள்தான் இருக்கின்றன. எதை முதலில் செருகுவது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டாலே எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் பெரும்பாலானோர் கேட்காமலே செருகிவிடுகிறார்கள். ரேஸ் பேக்கில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் புல்லட் பிளக்குக்கு (தோட்டா வடிவ முனை) இரண்டு துளை, பேலன்ஸுக்குச் சின்ன 2 மில்லிமீட்டர் துளை ஒன்று. சார்ஜ் வயரின் ஒரு முனையில் இரண்டு புல்லட்டும் மூடாமல் பளபளவென்று இருக்கும். அந்த வயரைச் சார்ஜரில் முதலில் மாட்டுங்கள், பிறகு பேட்டரியில். கழற்றும்போது பேட்டரியிலிருந்து முதலில். வயரின் மறுமுனையிலும் மூடாத பிளக் இருந்து, பேட்டரிப் பக்கத்தை முதலில் செருகிவிட்டால், அந்த மறுமுனையின் இரண்டு பிளக்கும் ஒன்றோடொன்று இடித்தால் போதும். உள் மின்தடை சில மில்லி ஓம் மட்டுமே உள்ள பேக்கில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாயும், பிளக் முனை ஆவியாகும், விரலில் தழும்பு நிற்கும்.

இன்னொரு ஆபத்து திருப்பிச் செருகுவது. புல்லட்டில் பிளஸ் மைனஸ் மாற்றிச் செருகினால் தடுக்க எந்த வடிவ வேறுபாடும் இல்லை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான இஎஸ்சி அந்தக் கணமே போய்விடும். கார் பக்கத்து வயரில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்பது மட்டும் போதாது. பேக்கிலும் பிளஸ் துளையைச் சுற்றிச் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். பந்தயப் பதற்றத்தில் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

சார்ஜில் போட்டுவிட்டுக் கொஞ்சம் வெளியே போய்வரலாமா? தூங்கும்போது?

இரண்டுமே வேண்டாம். லைபோவில் தீ அபூர்வம், ஆனால் வந்தால் வேகம் பயங்கரம். ஒரு செல் உள்ளே சூடாகத் தொடங்கி ஒரு கட்டத்தைத் தாண்டினால் அந்தச் சூடே அடுத்த வினையைத் தூண்டும். வெளியிலிருந்து நெருப்பு வைக்கவே தேவையில்லை. அதனால் சார்ஜ் போடும் இடம் முக்கியம்: கல், டைல், சிமென்ட் மாதிரி எரியாத தரை, சுற்றிலும் துணி, பேப்பர், பெட்ரோல், டயர் கழுவும் திரவம் எதுவும் இல்லாமல். பேக்கைக் காரிலேயே வைத்து சார்ஜ் போடாதீர்கள், ஏதாவது ஆனால் காரும் சேர்ந்து போகும்.

லைபோ பை என்று தீத்தடுப்புத் துணியில் தைத்த உறை வரும். பல போட்டிகளில் அது இல்லாமல் சார்ஜ் போட விடமாட்டார்கள். அது தீச்சுவாலையைக் கட்டுப்படுத்தும், புகையைக் கட்டுப்படுத்தாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உட்பட நச்சு வாயுக்கள் இருக்கும்.

பேக் திடீரென்று உப்புகிறது, இனிப்பான கரைப்பான் வாடை வருகிறது, கையை வைக்க முடியாத சூடு என்றால் சார்ஜரை மின்சாரத்திலிருந்து பிடுங்குங்கள், அதுவும் பக்கத்தில் போக முடிந்தால் மட்டும். புகை கிளம்பிவிட்டால் பேக்கைக் கையால் தூக்காதீர்கள், ஆட்களை வெளியேற்றுங்கள், ஜன்னல் கதவைத் திறந்து நீங்களும் வெளியே போங்கள். திறந்த வெளியில் என்றால் எரிந்து முடியட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. மணல் போட்டால் தீப்பொறி பரவாது. தண்ணீர் ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்பார்கள்: இந்தப் பேக்கில் தனி லித்தியம் உலோகம் மிகக் குறைவு, அதனால் நிறையத் தண்ணீர் செல்லைக் குளிர்விக்கத்தான் செய்யும், ஆனால் சுவர் பிளக்கோடு இணைந்திருக்கும்போது ஊற்றக் கூடாது. தீ அறைக்குப் பரவிவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள், நீங்கள் வீரம் காட்ட வேண்டாம்.

ஓட்டி வந்த சூட்டோடு உடனே சார்ஜ் போடலாமா?

ஆறட்டும். கையால் தொட்டால் அறைச் சூட்டுக்கு வந்துவிட்டது என்று தோன்ற வேண்டும். ஓடும்போதே 60 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது என்றால் பேக்குக்கு நல்லதில்லை. கியர் விகிதம் தப்பாக இருக்கலாம், அல்லது பேக் கிழடாகியிருக்கலாம். மறுபக்கம், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் செல்லின் மின்வாயான கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேல் உலோகமாகப் படிந்துவிடும், அது திரும்பாது, உள்ளே ஷார்ட் ஆகவும் வழி செய்யும். குளிர் இரவில் காருக்குள் கிடந்த பேக்கை அறைக்குள் கொண்டுவந்து ஓரிரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

கடிகாரத்தை விட சார்ஜரைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி நிறைக்கும்போது சார்ஜர் எத்தனை மில்லி ஆம்ப்-அவர் உள்ளே போனது என்று காட்டும். 2000 போனதென்றால் நிமிடத்துக்கு 400. 5000 பேக்கில் 80 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டால் 4000, ஆக பத்து நிமிடம். அந்த 20 சதவீதத்தை மிச்சம் வைப்பது கஞ்சத்தனம் இல்லை, கடைசிப் பகுதியில் வோல்டேஜ் படிக்கட்டில் உருளுவது போல விழும், கார் மந்தமானது தெரிவதற்குள் செல் தரையைத் தொட்டுவிடும்.

இஎஸ்சியில் குறைந்த வோல்டேஜ் தடுப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதை அணைத்துவைக்காதீர்கள், நிக்கல் மோடில் விட்டுவிடவும் செய்யாதீர்கள், அதில் லைபோவுக்கு வேண்டிய தடுப்பு கிடைக்காது. செல்லுக்கு 3.2 முதல் 3.4 வரை வையுங்கள். ஆனால் பெரும்பாலான இஎஸ்சி மொத்த வோல்டேஜைத்தான் பார்க்கும். 6.4-இல் நிறுத்து என்று வைத்திருந்தால் ஒரு செல் 3.6-இலும் இன்னொன்று 2.9-இலும் இருக்கும்போதுகூட அது நிம்மதியாக ஓட விடும். தடுப்பு வேலை செய்யும் வரை ஓட்டுவது என்று பழகிக்கொள்ளாதீர்கள்.

காரிலேயே பிளக்கோடு விட்டுவிட்டேன், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வோல்டேஜே இல்லை. காப்பாற்ற முடியுமா?

எனக்கும் நடந்திருக்கிறது. ஞாயிறு ரேஸ் முடிந்து களைப்பில் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் காரைப் பையில் போட்டேன். அடுத்த சனிக்கிழமை எடுத்தபோது இரண்டு செல்லும் ஒரு வோல்ட்டுக்குக் கீழே. மூன்று தடவைதான் ஓட்டிய பேக் அது. சுவிட்ச் அணைத்தாலும் இஎஸ்சி சொட்டுச் சொட்டாகக் கரன்ட்டை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். அன்றிலிருந்து பிளக்கைக் கழற்றாமல் கார் பைக்குள் போவதில்லை.

காப்பாற்றுவதைப் பொறுத்தவரை, எவ்வளவு கீழே, எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. ஓடி முடித்ததும் 2.9 என்று காட்டி உடனே கவனித்துவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் பிழைக்கும். லைபோ மோடிலேயே மிகக் குறைந்த ஆம்பில், பக்கத்தில் உட்கார்ந்து, 3.3 வரும் வரை ஏற்றிவிட்டு அப்புறம் வழக்கம் போல. சார்ஜரே வோல்டேஜ் போதவில்லை என்று மறுத்தால் அந்த மறுப்பை மதியுங்கள். நிக்கல் மோடில் கொஞ்ச நேரம் போட்டு எழுப்பிவிடலாம் என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். வோல்டேஜ் எழுந்துவிடும், உண்மைதான். ஆனால் செல் ரொம்பக் கீழே போய்க் கிடக்கும்போது உள்ளே இருக்கும் செம்புத் தகடு எலக்ட்ரோலைட் என்னும் உள் கரைசலில் கரைய ஆரம்பிக்கும்; திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து முள் போல வளரும். அது எப்போது எதிர்ப்பக்கத்தைத் தொடும் என்று யாருக்கும் தெரியாது. என்னுடைய அந்த மூன்று ஓட்டப் பேக்கை நான் எழுப்பவில்லை, வயிற்றெரிச்சலோடு தூக்கிப்போட்டேன்.

அடுத்த ரேஸ் மூன்று வாரம் கழித்து. பேக்கை எப்படி வைப்பது?

சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று ஒரு மோடு இருக்கும், அதில் போட்டால் ஏற்றியோ இறக்கியோ செல்லுக்கு 3.80-3.85-க்குக் கொண்டுவந்து நிறுத்தும். அது ஏறக்குறைய பாதி சார்ஜ். ஒரு பேக்கின் ஆயுளை அதிகம் தின்பது முழுதாக நிறைந்த நிலையில் சும்மா கிடப்பதுதான், சூடான இடம் என்றால் இன்னும் வேகமாக. உயர்ந்த வோல்டேஜில் எலக்ட்ரோலைட் ஓயாமல் சிதைந்துகொண்டே இருக்கும், நீங்கள் தொட வேண்டியதே இல்லை. மழை வந்து ரேஸ் ரத்தாகி, நிறைத்த நாலு பேக்கும் அப்படியே அலமாரிக்குப் போவது எல்லோர் வீட்டிலும் நடக்கும். ஒரு நாள் இரண்டு நாள் பரவாயில்லை. வாரக்கணக்கு கூடாது.

இறக்குவதில் ஒரு தொல்லை உண்டு. சின்ன சார்ஜர்கள் 5 முதல் 10 வாட் வேகத்தில்தான் இறக்கும். 2எஸ் 5000 பேக்கில் இருப்பது 37 வாட்-ஹவர். பாதி இறக்க வேண்டுமென்றால் சுமார் 18 வாட்-ஹவர். 5 வாட்டில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். பொறுமை இல்லையென்றால் காரில் போட்டு நாலைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள், அதைவிட இனிமையான டிஸ்சார்ஜர் கிடையாது.

வைக்கும் இடம் குளிர்ச்சியாக, வெயில் படாமல் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்பார்கள், வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்ததும் ஈரம் படியும், காற்றுப் புகாத பையில் போட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே தொட வேண்டும். அவ்வளவு சிரமம் எனக்குத் தேவையாகத் தோன்றவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வோல்டேஜை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக் லேசாக உப்பியிருக்கிறது. ஓட்டலாமா?

உப்பல் என்பது உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து உண்டான வாயு. அது உள்ளே திரும்பப் போகாது. ஊசியால் குத்தி வாயுவை விடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். ஓடும்போது சூட்டில் மிக லேசாகப் புடைத்து ஆறியதும் தட்டையாகிற, ஓடு இல்லாத சாஃப்ட்பேக்கைக் கவனித்துக்கொண்டே ஓட்டுவோர் உண்டு. ஆறிய பிறகும் தலையணை மாதிரி இருந்தால் அதன் காலம் முடிந்தது.

ஹார்ட்கேஸில் சிக்கல், பிளாஸ்டிக் ஓடு உப்பலை மறைத்துவிடும். கண்ணாடி மேசை மேல் வைத்து மூலையை விரலால் அழுத்துங்கள். தொட்டில் போல ஆடினால் வயிறு புடைத்திருக்கிறது. ஓட்டின் ஒட்டு விரிந்திருக்கிறதா, காரின் பேட்டரித் தட்டில் முன்பு போல எளிதாக உட்காருகிறதா என்றும் பாருங்கள். மோதலுக்குப் பிறகும் இதே பரிசோதனை. ஓடு நசுங்கியிருந்தால் உள்ளே செல்லும் நசுங்கியிருக்கலாம். கொஞ்ச நேரம் வெளியில் தனியாக வைத்துப் பார்த்த பிறகே பெட்டிக்குள் போக வேண்டும்.

உள் மின்தடை என்று சார்ஜர் ஏதோ காட்டுகிறது. அதை வைத்து என்ன செய்வது?

நோட்டில் எழுதி வையுங்கள். நல்ல புது ரேஸ் பேக்கில் ஒரு செல்லுக்கு ஒன்றிரண்டு, மூன்று மில்லி ஓம் என்று வரும். வயது ஏற ஏற இதுவும் ஏறும். அழுத்தும்போது கார் பாய்வது குறைந்து, பேக் முன்னைவிடச் சூடாக வரும். சார்ஜருக்குச் சார்ஜர் எண் மாறும், அதனால் நண்பர் சார்ஜரில் வந்த எண்ணோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள். ஒரே சார்ஜர், ஒரே அறைச் சூடு, ஒரே சார்ஜ் நிலை, அப்போதுதான் அர்த்தம். பேக் சூடாக இருந்தால் எண் தானாகக் குறையும், விற்கிறவர் சூடான பேக்கை அளந்து காட்டினால் புரிந்துகொள்ளுங்கள். நான் பார்ப்பது இரண்டு: புதிதாக இருந்தபோது வந்த எண் இரட்டிப்பாகிவிட்டதா, இரண்டு செல்லுக்கும் நடுவே இடைவெளி பெருகுகிறதா. இரட்டிப்பானது ரேஸிலிருந்து பயிற்சிக்கு இறங்கும். இடைவெளி பெருகுவது சீக்கிரம் வெளியே போகும்.

ரேஸில் வோல்டேஜ் அளக்கிறார்களே, கொஞ்சம் கூட்டி ஏற்றினால் வேகம் கிடைக்காதா?

கிடைக்கும், அதனால்தான் அளக்கிறார்கள். 2எஸ் வகுப்பில் 8.40 என்பது பொதுவான உச்சம். உங்கள் சார்ஜர் 8.40 என்று காட்ட அவர்கள் மீட்டர் 8.42 காட்டினால் வாதாடிப் பயனில்லை. நம்பகமான மீட்டரில் ஒரு முறை ஒத்துப் பார்த்துவிட்டு, வசதி இருந்தால் நிறுத்தும் வோல்டேஜை 4.19 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கைச் சூடாக்கி ஓட்டுவதும் பழைய தந்திரம், மின்தடை குறையும் என்பதால். சில போட்டிகளின் விதியில் அதற்குத் தடை உண்டு, ஓட்டுவதற்கு முன் விதியைப் படித்துவிடுங்கள்.

ஹை வோல்டேஜ் லைபோ என்று வருகிறதே?

அதில் செல் 4.35 வரை ஏறும், பெயரளவு 3.8. சார்ஜரில் அதற்கென்று தனி மோடு இருக்க வேண்டும். சாதாரண லைபோவை அந்த மோடில் போடுவதுதான் விபத்து. இதைச் சாதாரண மோடில் போட்டால் கொஞ்சம் குறைவாக நிறையும், ஆபத்தில்லை. இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் பேக்கில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.

நாலு பேக்கை ஒரே சார்ஜரில் பேரலலாகப் போடலாமா?

தெரிந்தவர்கள் போடுகிறார்கள். ஒரே செல் எண்ணிக்கை, ஏறக்குறைய ஒரே வோல்டேஜ் என்றால் மட்டும். இரண்டு பேக்குக்கு நடுவே அரை வோல்ட் வித்தியாசம் இருந்து, இடையில் மொத்தத் தடை 10 மில்லி ஓம் என்றால், சார்ஜர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 50 ஆம்ப் பாயும். எண்ணிக்கை வேறு என்றால் சொல்லவே வேண்டாம். புதியவர்களுக்கு என் பதில்: இரண்டு வாய் உள்ள சார்ஜர் வாங்குங்கள்.

புது பேக்கைப் பழக்க வேண்டுமா? முழுதாகக் காலி செய்து ஏற்ற வேண்டுமா?

காலி செய்ய வேண்டாம். நினைவு விளைவு என்பது நிக்கல் காட்மியம் காலத்துச் சங்கதி, லித்தியத்துக்கு அது கிடையாது. முதல் இரண்டு மூன்று சார்ஜை 1சி-யில் போட்டு நிதானமாக ஓட்டுவதில் நஷ்டமில்லை, கோளாறுள்ள செல் இருந்தால் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மேல் சடங்கு எதுவும் தேவையில்லை.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரிக்கு இடமில்லை. பொதுவான வரம்பு ஒரு பேக்குக்கு 100 வாட்-ஹவர். 2எஸ் 6000 பேக் 44.4, கவலையில்லை. 4எஸ் 6500 பேக் 96.2, தப்பித்தது. 4எஸ் 7000 என்றால் 103.6, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். துளைகளை டேப்பால் மூடி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, ஸ்டோரேஜ் சார்ஜில் கொண்டுபோங்கள். எத்தனை பேக் வரை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

முடிந்துபோன பேக்கை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், குப்பை லாரியில் நசுங்கினால் அங்கே தீ. முதலில் சார்ஜரில் எவ்வளவு இறக்க முடியுமோ இறக்கிவிட்டு, பிறகு 12 வோல்ட் கார் பல்பு ஒன்றை இணைத்து வெளியில், எரியாத தரையில் வைத்துவிடுங்கள். பல்பு அணைந்த பிறகும் ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், பூஜ்யத்துக்கு வந்ததா என்று மீட்டரில் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப் போடும் பழக்கம் இருக்கிறது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை: உள்ளே சார்ஜ் இறங்குவதற்கு முன்பே இணைப்புத் தகடு அரித்துப்போய்விட்டால், வெளியே பூஜ்யம் காட்டும் செல் உள்ளே உயிரோடு இருக்கும். நசுங்கிய, ஓட்டை விழுந்த பேக்கைப் பல்பில் இணைக்கவும் வேண்டாம், அதை வெளியில் மணல் வாளியில் வைத்துவிடுங்கள். வயரை வெட்டுவதென்றால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், இரண்டையும் சேர்த்து வெட்டினால் கத்தரிக்கோலே ஷார்ட் ஆகிவிடும். முனைகளை டேப் சுற்றி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் லித்தியம் பேட்டரி என்று சொல்லியே கொடுங்கள்.